பெட்டியடிப் பையன் முதல் மேலாள் வரை: நகரத்தார் தொழிலில் முதலும் பயிற்சியும்

செட்டிநாட்டு நகரத்தாரின் கடல்கடந்த வட்டிக்கடைகள் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையில் வேர்பிடித்தன. நூறாண்டுக்குள் அவை பர்மா, மலாயா, சிங்கப்பூர், சுமத்ரா, கொச்சின்சீனா என்று பரவின. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் முதலிய வறண்ட ஊர்களிலிருந்து கிளம்பியவர்கள், ஆங்கிலேய வங்கிகள் எட்டிப்பார்க்காத ஆற்றங்கரைச் சிற்றூர்களில்கூடக் கடை திறந்தார்கள். அந்தக் கடைகளுக்கு முதல் போட்டவர் யார், எதை நம்பிப் போட்டார், கடையை நடத்தப் போன இளைஞனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் யார் என்பவை இன்றைய ஸ்டார்ட்அப் உலகமும் கேட்கும் கேள்விகள்தான். இன்று முதலீட்டாளர் ஒருவர், மென்டர் வேறொருவர். நகரத்தார் தொழிலில் இருவரும் பெரும்பாலும் ஒருவரே. அந்தத் தொழிலின் பலமும் பலவீனமும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

கடைக்குள் படிநிலை தெளிவாக இருந்தது. பணப்பெட்டிக்கு அருகே உட்கார்ந்து எடுபிடி வேலை பார்ப்பவன் பெட்டியடிப் பையன். அவனுக்கு மேலே அடுத்தாள். கடையின் முழுப் பொறுப்பும் மேலாளுடையது. ஆங்கிலேய அரசின் ஆவணங்கள் ஏஜென்ட் என்று குறிப்பிடுவது இவரைத்தான். முதலாளி செட்டிநாட்டிலேயே இருப்பார். பல கடைகளில் அவர் வெளிநாட்டுப் பக்கம் வருவதே அபூர்வம். ப. சிங்காரத்தின் நாவல்களைப் படித்தவர்களுக்கு இந்தப் படிநிலை பழக்கமானது. சிங்கம்புணரியில் பிறந்த அவர் 1938இல் மேடானுக்குப் போய் அங்கு கடை வேலை பார்த்தவர்; ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ இரண்டிலும் வட்டிக்கடை மனிதர்களை உள்ளே இருந்து பார்த்து எழுதினார். அவர் கதைகள் காட்டுவதுபோல, இந்த முறை நகரத்தாரோடு நின்றுவிடவில்லை. அதே வட்டாரத்துப் பிற சாதியினர் நடத்திய கடைகளும் இதே அச்சில்தான் இயங்கின.

பயிற்சி கடையில் சேருவதற்கு முன்பே, வீட்டிலேயே தொடங்கிவிடும். சிறுவன் எண்சுவடியை மனப்பாடம் செய்வான். காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. இந்தப் பின்னங்களைக் கூட்டவும் பெருக்கவும் நாவிலேயே பழகியவனுக்கு வட்டி கணக்கிடத் தாளும் பென்சிலும் தேவைப்படாது. பிறகு குறிப்பு எழுதுவது, அதிலிருந்து பேரேட்டில் ஏற்றுவது, கடைசியாக ஐந்தொகை எடுப்பது. ஐந்தொகை என்பது கடையின் பற்றும் வரவும் நிலுவையும் ஒரே பார்வையில் தெரியும்படி தயாரிக்கும் நிலைக்கணக்கு. மேலாள் இதைக் குறித்த காலத்தில் ஊருக்கு அனுப்பியாக வேண்டும். காரைக்குடியில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் முதலாளி அதைப் பார்த்தே, மோல்மேனில் எந்தக் கடன் தேங்கிக் கிடக்கிறது என்று கேட்டுக் கடிதம் எழுதுவார். கணக்கு முதலீட்டாளருக்குக் காட்டுவதற்காகத் தனியே புனையப்பட்ட ஒன்றாக இருக்கவில்லை. கடை நடத்துவதற்கு எழுதிய அதே கணக்குத்தான் முதலாளியின் கைக்கும் போனது.

மேலாளாக ஒருவர் கப்பல் ஏறும்போது சம்பளச் சீட்டு எழுதப்படும். தவணை வழக்கமாக மூன்று ஆண்டுகள். சம்பளத்தின் பெரும்பகுதி, சில இடங்களில் முழுவதுமே, புறப்படும் முன்பே கொடுக்கப்பட்டுவிடும். குடும்பம் ஊரிலேயே தங்குவதால் இது கருணை போலத் தோன்றலாம். ஆனால் இதில் கணக்கும் இருந்தது. வீட்டுக்கு அரிசி இருக்கிறதா என்ற கவலை இல்லாத மேலாள் கடைப் பெட்டியில் கைவைக்க வேண்டிய நெருக்கடி வராது. முன்பணத்தை அந்தக் கடையிலோ வேறு நகரத்தார் கடையிலோ வட்டிக்குப் போட்டு வைப்பதும் உண்டு. மூன்று ஆண்டு முடிந்து திரும்பியதும் கணக்குகள் பார்க்கப்படும். லாபம் நன்றாக இருந்தால் அதில் ஒரு பங்கு கிடைக்கும். சில காலம் ஊரில் இருந்துவிட்டு அடுத்த தவணைக்குப் போவார்கள், அதே கடைக்கோ வேறு முதலாளியின் கடைக்கோ.

இப்படி இரண்டு மூன்று தவணைகள் போய்வந்தவர் கையில் இரண்டு சொத்துகள் சேர்ந்திருக்கும்: கொஞ்சம் பணம், கொஞ்சம் பெயர். தனிக்கடை வைக்க இரண்டுமே வேண்டும், ஆனால் பெயர்தான் முந்தியது. பழைய முதலாளியே பங்காளியாகச் சேர்ந்து முதல் போடுவதும் வைப்பு கொடுப்பதும் சாதாரணமாக நடந்தது. தன்னிடம் பயின்றவன் எதிர்க்கடை வைக்கிறான் என்று அவர் சினந்துகொள்ள வேண்டியதில்லை. அவன் வளர்ந்தால் அவர் பணமும் வளரும். பத்து ஆண்டுகள் ஐந்தொகை வழியே ஒருவனைக் கவனித்தவருக்கு அவன் கடன் கேட்பவர்களை எப்படி எடைபோடுகிறான், நெருக்கடியில் பதறுகிறானா என்பதெல்லாம் தெரியும். இன்று ஒரு முதலீட்டாளர் சில கூட்டங்களில் தெரிந்துகொள்ள முயல்வதை அவர் ஆண்டுக்கணக்கில் பார்த்து அறிந்திருந்தார்.

முதல் வந்த வழிகள் பல. சொந்தப் பணம் முதல் பணம் எனப்பட்டது. அதற்கு அடுத்து உறவினர் வைப்புகள். இவற்றில் ஆச்சிமார் பணம் தனிக் கவனத்துக்குரியது. பெண்ணுக்குக் கொடுத்த சீதனத் தொகை அவள் பெயரிலேயே கடையில் வட்டிக்குக் கிடந்து பெருகும். கடைக்குள் கால் வைக்க வழியில்லாத பெண்களின் பணம் ரங்கூன் வரை போய் வேலை செய்தது. அதை எந்த ஊரில் யாருக்குக் கொடுப்பது என்பதை மட்டும் ஆண்கள் முடிவு செய்தார்கள். மூன்றாண்டுத் தவணைகளின் உண்மையான விலையைக் கொடுத்தவர்களும் பெண்கள்தான். கணவர் முகம் பார்க்காமல் ஆயிரம் நாட்கள் பெரிய வீட்டை நிர்வகித்ததற்கு எந்தப் பேரேட்டிலும் வரவு எழுதப்படவில்லை.

கோயில் பணமும் சுழற்சியில் இருந்தது. ஒவ்வொரு கடையும் தன் வரவில் ஒரு சிறு பங்கை மகமை என்று ஒதுக்கி, முருகன் பெயரில் கணக்கு எழுதியது. இளையாற்றங்குடி, பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி உள்ளிட்ட ஒன்பது கோயில்களைச் சேர்ந்தவர்களாகச் சமூகம் பிரிந்திருந்ததால் யார் யாருக்குப் பங்காளி, எந்த வீட்டுக்கு எவ்வளவு நாணயம் என்பதெல்லாம் கோயில் வழியாகவே தெரிந்திருந்தது. கடல் கடந்த ஊர்களில் கடை திறந்ததும் தண்டாயுதபாணி கோயில் எழும்பும். சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859இல் கட்டப்பட்டது. வழிபாட்டோடு பஞ்சாயத்தும் வட்டி நிர்ணயமும் அங்கேதான் நடந்தன. ரங்கூனில் முகல் தெருக் கோயிலில் நகரத்தார் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். கடைகளுக்கு இடையிலான வைப்புகளுக்கும் கடன்களுக்கும் அந்த விகிதமே அடிப்படை. குறித்த மாதங்களுக்குப் போடும் வைப்புக்குத் தவணை வட்டி தனி.

அடத்திக் கடை என்பது இந்த அமைப்பின் நடுத்தூண். பெரிய முதலுள்ள கடையொன்று சிறிய கடைகளுக்கு வங்கியாக நிற்கும்: உபரிப் பணத்தை வைப்பாக வாங்கிக்கொள்ளும், தட்டுப்பாட்டில் கொடுக்கும், உண்டியல் எனப்படும் பணமாற்றுச் சீட்டுகளை மதித்துப் பணம் தரும், ஒரு கடைக்கும் மற்றொன்றுக்கும் இடையே நேர்செய்யும். புதிதாகக் கடை வைத்தவனை ஒரு நல்ல அடத்தி ஏற்றுக்கொண்டது என்ற செய்தியே மற்றவர்களுக்குப் போதும். இன்று பெயர்பெற்ற வெஞ்சர் நிறுவனம் ஒன்று முதலில் உள்ளே வந்தால் மற்றவர்கள் வரிசையில் நிற்பதைப் போன்றதுதான் இது. வேறுபாடு ஒன்றுண்டு. அடத்தி பங்கு கேட்கவில்லை, வட்டி கேட்டது. கடை பத்து மடங்கு வளர்ந்தாலும் அடத்திக்குக் கிடைப்பது அதே வட்டி. ஆகவே கண்மண் தெரியாமல் வளரச் சொல்லி யாரும் நெருக்கவில்லை. கொடுத்த பணம் திரும்ப வருமா என்ற ஒரே கேள்விதான்.

வெளியூரில் கற்றுக்கொடுத்த இடம் கிட்டங்கி. சிங்கப்பூர் மார்க்கெட் தெரு, பினாங்கு முதலிய இடங்களில் நீளமான கூடம் ஒன்றைப் பல கடைகள் பகிர்ந்துகொண்டன. ஒவ்வொரு மேலாளுக்கும் ஒரு பாய், ஒரு சாய்வு மேசைப்பெட்டி, ஒரு அலமாரி. சமையல் பொது, படுக்கை அங்கேயே. கடன் கேட்டு வருபவர் ஒருவரிடம் பேசிவிட்டு மற்றவரிடம் போனால் இருவருக்கும் தெரிந்துவிடும். பெட்டியடிப் பையனுக்குத் தன் மேலாள் மட்டுமல்ல, கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தனை மூத்தவர்களும் ஆசான்கள். எந்தச் சீன வணிகரின் தோட்டத்தில் ரப்பர் பால் வற்றுகிறது, யாருடைய கைநாட்டை நம்பலாம் என்பதெல்லாம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சில் வரும். போட்டியாளர்களை இவ்வளவு அருகில் உட்காரவைத்த தொழில் வேறு அதிகம் இல்லை.

விலாசம் பற்றியும் சொல்ல வேண்டும். தாத்தா, தந்தை, மகன் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்த அடையாளம் அது, எம்.சிடி.எம்., ஏ.எம்.எம். போன்றவை அப்படி வந்தவை. ஆள் மறைந்தாலும் விலாசம் நிற்கும். தந்தை பட்ட கடனை மகன் தீர்த்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு சட்டத்தைவிட விலாசத்தின் மானத்திலிருந்தே வந்தது. நிறுவனம் வேறு, நிறுவனர் வேறு என்று பிரித்துப் பொறுப்பை வரம்பிடும் இன்றைய கம்பெனிச் சட்டத்துக்கு இது நேர் எதிர். நாணயத்துக்கு இது நல்லது. துணிந்து பரிசோதனை செய்வதற்குத் தடை.

கணக்குப் பார்க்கும் மனப்பான்மையை வளர்த்ததில் குடும்ப அமைப்புக்குப் பெரிய பங்குண்டு. திருமணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. ஒரே பெரிய வீட்டில் இருந்தாலும் மகனும் மருமகளும் வேறு வைக்கப்படுவார்கள்: அவர்களுக்கென்று தனிச் சமையல், ஆண்டுக்கு இவ்வளவு என்று அளந்த அரிசியும் செலவுத்தொகையும். 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பு இந்த ஏற்பாட்டை வியப்போடு பதிவு செய்கிறது. கூட்டுக் குடும்பத்தின் பாதுகாப்பும் தனிக் கணக்கின் கட்டுப்பாடும் ஒன்றாகக் கிடைத்தன. இருபது வயதில் வீட்டுச் செலவுக்குக் கணக்கெழுதிய கைதான் பிறகு கடைக்கும் எழுதியது. இந்தச் சிக்கனத்துக்குப் பக்கத்திலேயே பர்மா தேக்குத் தூண்களும் இத்தாலியச் சலவைக்கல்லும் கொண்ட மாளிகைகள் எழுந்தது முரண் அல்ல. கிட்டங்கியில் பாயில் படுத்தவர் ஊரில் மாளிகை கட்டியதற்கு ஆடம்பரம் ஒரு காரணம். வைப்பு போட வருபவர்களும் பெண் கொடுக்க வருபவர்களும் பார்ப்பதற்கு அது ஒரு சான்று என்பது இன்னொரு காரணம்.

வெளியார் பணமும் இந்த அமைப்புக்குள் வந்தது. அது வந்த விதம் கவனிக்கத்தக்கது. கொழும்பில் ஆங்கிலேய வங்கிகள் உள்ளூர் வணிகருக்கு நேரடியாகக் கொடுக்கத் தயங்கின. நடுவில் ஒரு ஷராஃப், அதாவது வங்கியின் உத்தரவாதத் தரகர், நின்று உத்தரவாதம் தர, செட்டியார் கடைகளுக்குக் கொடுத்தன. கடைகள் அதைக் கூடுதல் வட்டிக்கு வெளியே விட்டன. மலிவான பணம், எளிதான லாபம். 1925இல் கொழும்புச் செட்டியார் தெருவில் ஒரு பெரிய கடை நொடித்ததும் வங்கிகள் மிரண்டு ஒரே நேரத்தில் கையை இழுத்துக்கொண்டன. தங்கள் கடன்களில் தவறில்லாத கடைகளும் சேர்ந்து திண்டாடின. பத்து ஆண்டுகள் ஒருவனைக் கவனித்துக் கொடுத்த பணத்துக்கும், ஒரு கையெழுத்தை நம்பிக் கொடுத்த பணத்துக்கும் உள்ள வேறுபாடு அப்போது வெளிப்பட்டது: முன்னது நெருக்கடியில் காத்திருக்கும், பின்னது ஓடிவிடும். இலங்கையில் செட்டியார் தொழில் அதற்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

பர்மாவில் கதை வேறு. 1852இல் ஆங்கிலேயர் கீழ் பர்மாவைப் பிடித்தபோது ஐராவதி முகத்துவாரத்தில் நெல் விளைந்த பரப்பு ஏறத்தாழ பத்து லட்சம் ஏக்கர்தான். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து ஐரோப்பிய அரிசிச் சந்தை விரிய, காடு வெட்டி நிலம் திருத்தும் விவசாயிக்குப் பணம் தேவைப்பட்டது. அவ்வளவு பெரிய அளவில் கொடுக்கக்கூடியவர்கள் பெரும்பாலும் செட்டியார்களே. 1930களுக்குள் சாகுபடிப் பரப்பு ஏறத்தாழ பத்து மடங்காகிவிட்டது. 1929–30இல் ஆய்வு நடத்திய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்த மாகாணத்தில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருப்பதாகவும் அவற்றில் ஏறக்குறைய 75 கோடி ரூபாய் முதல் இறங்கியிருப்பதாகவும் மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி நகரத்தாரின் சொந்தப் பணமும் அவர்களுக்குள் புழங்கிய வைப்புகளும்தான். உள்ளூர் லேவாதேவிக்காரர்களைவிட அவர்கள் வாங்கிய வட்டி குறைவு என்பதையும் அந்தக் குழு பதிவு செய்தது.

ஆனால் அந்த 75 கோடிக்கும் அடியில் இருந்தது பெரும்பாலும் ஒரே அடமானம்: நெல் நிலம். கடன் கேட்பவனைத் தனித்தனியாக எடைபோடுவதில் தேர்ந்தவர்கள், எல்லாக் கடனாளிகளும் ஒரே பயிரையும் ஒரே சந்தையையும் நம்பியிருந்ததை ஓர் ஆபத்தாகக் கருதவில்லை. கிட்டங்கிப் பேச்சு இங்கே உதவவில்லை; எல்லோரும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி யோசித்ததால் நடப்பதுதான் இயல்பு என்று தோன்றியது. 1930இல் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை ஏறத்தாழ பாதியாக வீழ்ந்தது. விவசாயி வட்டியும் கட்ட முடியாமல் நிலத்தைக் கொடுத்தான். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் 6 விழுக்காடு செட்டியார் கையில் இருந்தது. 1938இல் அது 25 விழுக்காடு. நிலம் வேண்டுமென்று அவர்கள் கடன் கொடுக்கவில்லை. விற்க ஆளில்லாத நிலம் வந்து குவிந்தது. பர்மிய விவசாயியின் பார்வையில் இந்த நுணுக்கத்துக்கு இடமில்லை. தன் நிலம் ஓர் அந்நியன் பெயருக்கு மாறியது மட்டுமே அவனுக்குத் தெரிந்தது, அவன் கோபத்தில் நியாயமும் இருந்தது. நகரத்தார் ஏடுகளைப் படிப்பவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் ரங்கூனில் விழுந்தன. 1942இல் கப்பலிலும், கால்நடையாக அசாம் வழியாகவும் லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினார்கள். பேரேடுகளை மட்டும் காப்பாற்றிக் கொண்டுவந்தவர்களும் உண்டு. 1948இல் சுதந்திர பர்மா நிலத் தேசியமயச் சட்டம் கொண்டுவந்தபோது, அந்தப் பேரேடுகளில் எழுதியிருந்த நிலுவைகளில் பெரும்பகுதிக்கு மதிப்பில்லாமல் போயிற்று. செட்டிநாட்டில் பல மாளிகைகளின் கதவும் தூணும் விலைக்குப் போகத் தொடங்கியது இதற்குப் பின்னர்தான்.

எல்லோரும் பர்மாவிலேயே தங்கிவிடவில்லை. பதினான்கு வயதில் மோல்மேனில் உறவினர் கடையில் பயிற்சிக்குச் சேர்ந்த ஏ.எம். முருகப்பச் செட்டியார், பிற்பாடு தன் தொழிலை மலாயா, இலங்கை என்று விரித்து, 1930களிலேயே சொத்துகளை இந்தியாவுக்கு நகர்த்தத் தொடங்கியிருந்தார். அந்தக் குடும்பம் 1949இல் ஆங்கிலேய நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள் ஆலையைத் தொடங்கியது. 1954இல் கார்போரண்டம் யுனிவர்சல் வந்தது. வட்டிக்கடைக்காரர் சைக்கிள் செய்வது பழைய அர்த்தத்தில் தொழில் மாற்றம். பங்காளியை ஆராய்ந்து சேர்ப்பது, பொறுப்பாளிடம் நிர்வாகத்தை விட்டுக் கணக்கை மட்டும் விடாமல் பார்ப்பது என்ற பழக்கங்கள் அப்படியே ஆலைக்கு வந்தன.

இன்னொரு வழி வங்கி. 1906 அக்டோபரில் சென்னையின் அர்பத்னாட் கம்பெனி திவாலாகி வைப்பு போட்டவர்களை நடுத்தெருவில் நிறுத்தியபோது, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயரின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. அதற்குத் துணைநின்ற முதலில் நகரத்தார் பங்கு கணிசம். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் அடுத்த படிக்குப் போனார். விலாசத்தையும் அடத்தியையும் நம்பியே தொழில் நீடிக்காது என்பதை இளம் வயதிலேயே உணர்ந்த அவர், 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறந்தார். அந்நியச் செலாவணியே அதன் சிறப்புத் துறை. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. 1954 மார்ச்சில் சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் நடந்த விபத்தில் அவர் இறந்தார். மதுரையில் கருமுத்து தியாகராசர் 1943இல் பேங்க் ஆஃப் மதுராவை நிறுவினார்.

தெரிந்தவருக்கு மட்டும் கொடுப்பது என்ற எல்லையைத் தாண்டி, தெரியாதவரின் சேமிப்பை வாங்கித் தெரியாதவருக்குக் கொடுக்கும் அமைப்புகள் இவை. பழைய தொழிலால் அந்த எல்லையைத் தாண்டியிருக்கவே முடியாது: சாதிக்கு வெளியே இருந்தவன் எவ்வளவு திறமைசாலியானாலும் அடுத்தாளாக உயரலாம், அடத்தியின் முழு நம்பிக்கையைப் பெறுவது அரிது. இதை மறந்து அந்த முறையை வெறும் முன்மாதிரியாகப் புகழ்வது சரியல்ல. ஆளை அறிந்து முதல் போடுவது, கற்றுக்கொடுத்தவரே முதலும் போடுவது, கணக்கை மறைக்காமல் எழுதுவது ஆகிய மூன்றையும் சாதி வட்டத்திலிருந்து பிரித்தெடுத்துப் பயன்படுத்த முடியுமா என்பதுதான் இன்றைய நிறுவனர்களும் முதலீட்டாளர்களும் அதனிடம் கேட்க வேண்டியது.

வங்கிகளின் கதை பிறகு அரசிடம் போய்ச் சேர்ந்தது. 1969 ஜூலையில் நாட்டுடமையாக்கப்பட்ட 14 வங்கிகளில் இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் இருந்தன. தனியார் கையில் எஞ்சியிருந்த பேங்க் ஆஃப் மதுரா 2001இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியோடு இணைந்தது.